வேஷம் கழுவ ஒரு சொம்பு வெந்நீர்

1

எனக்கு எழுத வராது. பழவேற்காடு ஏரியோரம் பசியாவரத்துல அஞ்சாவது வரைக்கும் போனேன். அதுலயும் ஏரியில இறால் நல்லாப் படுற நாளெல்லாம் பள்ளிக்கூடம் கிடையாது. எழுத ஆரம்பிச்சா ஒரு விஷயத்துக்குள்ள இன்னொண்ணு வந்து குந்திக்குது. பேரு, ஊரு, எது முன்னே எது பின்னே, எல்லாம் மறந்து போகுது. படிக்கிறவங்க கோச்சுக்கக் கூடாது. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க நடத்துற பத்திரிகைக்கு வெளிநாட்டுல இருக்கிறவங்க எழுதலாம்னு என் தங்கச்சி மகள் போன்ல சொன்னா. "பெரிம்மா, நீ அந்த ஊரு பனியப் பத்தி எழுது, எல்லாரும் ஆசையா படிப்பாங்க"ன்னா. பனியப் பத்தித்தான் எழுதலாம்னு உட்கார்ந்தேன். ஆனா மாசி மாசம் வருது. மாசி வந்தா எனக்கு வேற எதுவும் எழுத வராது.

நான் இருக்கிறது ஹாலந்து தேசத்துல, தெற்குப் பக்கம் ஒரு டவுன்ல. மகன் ஏழுமலையோட இருக்கேன். அவன் மெஷின் செய்யற கம்பெனியில வேலை பார்க்கிறான். மருமகள் லீஸ் இந்த ஊர்ப் பொண்ணு. பிள்ளை குட்டி இல்லை. வர்ற மாசி அமாவாசைக்கு ரெண்டு பேரும் என்னை ஆல்ப்ஸ் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. அங்கே ஒரு சின்ன ஊர்ல கார்னிவல்னு திருவிழா. என் மகன் முகத்துல வேஷம் எழுதிக்கிட்டு அதுல நடக்கப் போறான். நடந்து முடிச்சதும் எல்லாரும் அந்த ஊர் ஏரிக்குப் போவாங்களாம்.

வேஷத்தோட ஏரிக்குப் போனவர் ஒருத்தர் எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கார். அவர் திரும்பி வரலை. அதனாலதான் எழுதறேன்.

2

இங்கே ஹாலந்துலயும் அந்தக் கார்னிவல் வாரத்துல பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு. ஊரு ரெண்டாப் பிரிஞ்சுடும். பாதி ஜனம் முகத்துல கலர் பூசிக்கிட்டு, மேளம் அடிச்சுக்கிட்டு வீதியில ஆடும். மீதி ஜனம் பனியில சறுக்கற கட்டையைக் கார் மேல கட்டிக்கிட்டு மலைக்கு ஓடும். கார்னிவல் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறுது. தங்கச்சி மகள் அனுப்பின தமிழ்க் காலண்டரை வெச்சுப் பார்த்தா, முக்கால்வாசி வருஷம் மாசி அமாவாசைக்கு முன்னே பின்னே வந்து நிக்குது. இந்த வருஷம் ரெண்டும் ஒண்ணாவே வருது.

வந்த முதல் வருஷம் இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலை. ஒரு மத்தியானம் வீட்டுல தனியா இருந்தேன். பெல் அடிச்சது. கதவைத் திறந்தா ஒரு ஆள் நிக்கிறார். முகம் பூராவும் பச்சை. கண்ணைச் சுத்திக் கறுப்பு, வாய் சிவப்பு. மேல சிவப்புத் துணி. உயரம் மட்டும்தான் ஒத்துவரலை. ஏதோ பாட்டுப் பாடினார். நான், "உள்ள வாங்க, சோறு வெச்சிருக்கேன்"னேன். தமிழ்லதான் சொன்னேன். அவர் பாட்டை நிறுத்திட்டு என்னையே பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழட்டித் தலையைக் குனிஞ்சுட்டு மெதுவா இறங்கிப் போயிட்டார். பக்கத்துத் தெருவுல ரொட்டிக்கடை வெச்சிருக்கிறவராம், லீஸ் சொன்னா. இன்னிக்கும் அந்தக் கடைக்குப் போனா எனக்கு மட்டும் ஒரு பன் கூட வெச்சுக் கொடுக்கிறார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்கிக்கிட்டு வந்துடுவேன்.

இவங்க ஒரு ஊருக்குப் போறதுன்னா கார்த்திகையிலேயே மாசிக்கு ரூம் பிடிச்சுடறாங்க. நம்ம பக்கம் கடலுக்கோ ஏரிக்கோ கிளம்புறவரைப் பார்த்து எங்கே போறேன்னு கேட்க மாட்டோம். எப்ப வருவேன்னும் கேட்க மாட்டோம். இங்கே வர்ற தேதியையும் சேர்த்தே எழுதறாங்க. லீஸ் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற காலண்டர்ல நாங்க திரும்புற நாள்ல சின்னதா ஒரு வீடு வரைஞ்சு வெச்சிருக்கா. பால் எடுக்கிறப்பெல்லாம் அந்த வீட்டைப் பார்க்காம எடுக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் திட்டம் போட்டாங்க. பனி டயர், சக்கரத்துக்குச் சங்கிலி, எனக்கு உள்ள ரோமம் வெச்ச பூட்ஸ். அந்த ஊர்ல ஒரு விதவையம்மா வீட்டுல மேல்மாடி ரூமை விடறாங்க. லீஸோட அப்பா அம்மா காலத்துல இருந்தே அங்கேதான் தங்குறது.

"யம்மா, வீட்டுக்காரம்மாவுக்கு எழுதறோம். நீ இன்னாச்சும் கேக்கணுமா?"ன்னான் ஏழுமலை.

"அங்க சுடுகாடு எந்தப் பக்கம்னு கேளு"ன்னேன்.

அவன் வாய் தவறி அதை அப்படியே லீஸுக்குச் சொல்லிட்டான். அவ எழுதறதை விட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "மா, உடம்பு?"ன்னு தமிழ்ல கேட்டா. எனக்கு வெட்கமாப் போச்சு. அமாவாசைக்கு வெளியூர்ல இருந்தா முதல்ல விசாரிக்க வேண்டியது அதுதானேன்னு எனக்குள்ள நினைச்சேன், சொல்லத் தெரியலை. மறுநாள் அந்த வீட்டுக்காரம்மா பதில் போட்டிருந்தாங்க. கல்லறை கோயிலுக்குப் பின்னாடி இருக்கு, அங்கிருந்து ஏரி அழகாத் தெரியும், உட்கார பெஞ்சு இருக்கு, அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்க. லீஸ் உடனே என் பேர்ல பெரிய இன்ஷூரன்ஸா ஒண்ணு எடுத்துட்டா.

ஏழுமலை விழுந்து விழுந்து சிரிச்சான். "யம்மா, உனக்கு இன்னா ஆனாலும் பொட்டலம் கட்டிப் பழவேற்காடு வரைக்கும் அனுப்ப ஏற்பாடு ஆயிடுச்சு. நீ தைரியமா சாவலாம்."

"அதுல கருவாடு எடுத்துக்கினு போவ உடுவாங்களா?"

"இன்னாத்துக்குக் கருவாடு?"

"சூறைக்கு."

அப்பதான் அவன் சிரிப்பு நின்னுச்சு.

3

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். மாசி அமாவாசைக்கு அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. நான் வாழ்க்கைப்பட்ட குப்பத்துல அம்மனுக்குச் சின்னதா ஒரு கோயில் இருந்தது. நேர்ந்துக்கிட்டவர் கையில காப்புக் கட்டிக்கிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டோட இருந்து, அமாவாசை அன்னிக்கு முகத்துல அம்மன் வேஷம் எழுதிக்குவார். சிவப்புச் சேலை, கையில முறம். முறத்துல அவிச்ச மொச்சை, கொழுக்கட்டை, கருவாடு. மேளத்தோட சுடுகாட்டுக்குப் போவோம். அங்கே மண்ணுல ஒரு பெரிய உருவத்தைப் படுக்க வெச்சிருப்பாங்க. அம்மன் போய் அதைக் கலைச்சுட்டு, முறத்துல இருக்கிறதை நாலு பக்கமும் வாரி இறைக்கும். அதுதான் சூறை. செத்துப் போனவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு வாய்.

முடிஞ்சதும் கூட வந்த ஒருத்தர் சொம்புத் தண்ணியை வேஷக்காரர் முகத்துல ஊத்தித் துடைச்சுட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டாத்தான் அம்மன் இறங்கி ஆளு திரும்பி வரும். வேஷத்தோட வீட்டுக்கும் வரக் கூடாது, தண்ணியிலயும் இறங்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் கோவிந்தன். முதல் பிள்ளை தங்கலைன்னதும், அடுத்தது தங்கணும்னு வருஷா வருஷம் வேஷம் போடறேன்னு நேர்ந்துக்கிட்டார். நாலஞ்சு வருஷம் கழிச்சுத்தான் ஏழுமலை பிறந்தான். காட்டூர்ல இருந்து முனுசாமின்னு ஒரு பெயிண்டர் வருவார். படகுக்கும் மாட்டு வண்டிக்கும் பேர் எழுதறவர். இவர் முகத்தை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு, கட்டை விரலால கண்ணோரத்தை இழுத்து இழுத்துக் கறுப்பு வைப்பார். "ஆடாதே கோயிந்து, அம்மனுக்கு மாறுகண்ணு வந்துடும்"பார். இவர் சிரிப்பை அடக்கிக்கிட்டு இருப்பார்.

சுடுகாட்டுக்குப் போற வழியில டச்சுக்காரங்க கல்லறை. எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்து, கோட்டை கட்டி, வியாபாரம் பண்ணி, இங்கேயே செத்துப் போனவங்க. வாசல் தூண்ல ரெண்டு எலும்புக்கூடு கல்லுல நிக்கும். சின்னப் பிள்ளையில நாங்க அதுகளையும் வேஷக்காரங்கன்னே நினைச்சோம். மேளம் அந்த வாசலைத் தாண்டறப்ப இவர் மட்டும் வரிசையை விட்டுப் போய்க் கம்பி வழியா ஒரு கை மொச்சையை உள்ளே வீசுவார்.

மேளக்காரர் கேட்டார், "இன்னா கோயிந்து, வெள்ளைக்காரனுக்கும் மொச்சையா? அவன் தட்டு கரண்டி இல்லாம துண்ண மாட்டான்பா."

வேஷத்துல பேசக் கூடாது. மறுநாள் என்கிட்ட சொன்னார். "அவுங்க வூட்டுல இருந்து யாரு இம்மாந்தூரம் வரப் போறாங்க? பசிக்காதா?"

ஏழுமலை தவழ்ந்துக்கிட்டு இருந்த வருஷம். தண்ணி ஊத்துற இவர் அண்ணன் அன்னிக்குக் கரைக்கு வரலை. காத்து திரும்பிட்டதால படகு வர நேரமாச்சு. கொண்டு போன சொம்புத் தண்ணி, அருள் வந்து மயங்கி விழுந்த ஒரு பொண்ணுக்குப் போயிடுச்சு. பொழுது சாயற நேரம். வேஷத்துல பேசக் கூடாதுன்னும் பார்க்காம இவர் முறத்தை என்கிட்ட கொடுத்துட்டு, "ஏரியில கழுவிக்கினு வர்றேன். நீ புள்ளையத் தூக்கிக்கினு போய் சோத்த வை"ன்னார். யாரும் தடுக்கலை. அந்த இடத்துல முழங்கால் தண்ணி. நாங்க கையால தடவி இறால் பிடிக்கிற இடம். எந்தப் பள்ளம் எங்கேன்னு இவர் காலுக்குத் தெரியும்.

சோறு வெச்சேன்.

விடிஞ்சப்ப முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்டுற கழியில சிவப்புச் சேலை மாட்டிக்கிட்டு இருந்தது. முந்தானையில பச்சையும் கறுப்பும் ஈஷியிருந்தது. பாதி முகம் துடைச்சிருக்கார்னு அர்த்தம். ஆளு கிடைக்கலை. நீரோட்டம் இழுத்துடுச்சுன்னாங்க சிலர். அம்மன் வெச்சுக்கிச்சுன்னாங்க சிலர். ஆந்திரா பக்கம் தடா பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன்னு சத்தியம் பண்ணினார் ஒருத்தர். நானும் பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு தடாவுக்குப் போய் நின்னுட்டு வந்தேன்.

அப்புறம் ஏரியில இறங்கித்தான் பிள்ளையை வளர்த்தேன். பிடிச்ச இறாலைப் போட ஓலைப் பறியை வாயில கவ்விக்கிட்டு, கழுத்தளவு குனிஞ்சு, சேத்துல ரெண்டு கையையும் விட்டுத் துழாவிக்கிட்டே போகணும். கை இறாலைத்தான் தேடுதா, வேற எதையாவது தேடுதான்னு எனக்கே தெரியாது.

எங்ககிட்ட அவர் போட்டோ ஒண்ணும் கிடையாது. அவர் கை ஞாபகம் இருக்கு. கழுத்து, நடை, பீடி பத்த வைக்கிற விதம் எல்லாம் இருக்கு. முகத்தை நினைச்சா பச்சைதான் வருது. கல்யாணத்துல பார்த்த முகத்தை நினைச்சாலும் அதுலயும் பச்சை. சோறு சாப்பிடறார், பச்சை முகம். தூங்கறார், பச்சை முகம்.

4

மலைக்குப் போறதுக்கு முன்னாடி என் குடியிருப்புக் கார்டைப் புதுப்பிக்கணும்னு ஏழுமலை ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, நல்ல சிரிச்ச முகம். எனக்கு இந்த ஊர்ப் பாஷையில குட்மார்னிங்கும் தேங்க்ஸும்தான் வரும். அதையும் மாத்திச் சொல்லிட்டேன். உள்ளே போறப்ப தேங்க்ஸ் சொன்னேன்.

அந்தப் பொண்ணு கேட்டா, கல்யாணம் ஆனவங்களா, புருஷன் தவறினவங்களா? முன்னே கொடுத்த பேப்பர் ஒண்ணுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி இருக்குதாம். தவறியிருந்தா அதுக்குச் சர்டிபிகேட் வேணுமாம். ஆளு கிடைக்காதவருக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பாங்க? அவ கம்ப்யூட்டர்ல காணாமப் போனவருக்குத் தனியா இடம் இல்லையாம்.

"கடைசியா எப்ப பார்த்தீங்கன்னு கேக்கறாங்கம்மா"ன்னான் ஏழுமலை.

"சோறு வைக்கச் சொன்னப்ப"ன்னேன்.

அவன் வேற ஏதோ சின்னதாச் சொன்னான். அந்தப் பொண்ணு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு ஒரு பட்டனைத் தட்டினா. வெளியே வந்ததும் என்ன போட்டாங்கன்னு கேட்டேன். "கல்யாணம் ஆனவங்கன்னே இருக்கட்டும்னுட்டாங்க"ன்னான். அப்ப இந்த தேசத்து மெஷின்ல அவர் இன்னும் இருக்கார். எனக்கு அது சந்தோஷமா, பயமான்னு சொல்லத் தெரியலை.

அந்த ஆபீசுக்கு எதிர்லயே பழைய கோயில் ஒண்ணு. லீஸ் ஒரு தடவை உள்ளே கூட்டிக்கிட்டுப் போனா. தரையெல்லாம் கல்லறைக் கல்லு. மண்டை ஓடு, பக்கத்துல மணல் கொட்டி நேரம் காட்டுற கண்ணாடி, சுத்தி எழுத்து. எங்க ஊர் டச்சுக்காரங்க கல்லுல இருக்கிற அதே எழுத்து, அதே மண்டை ஓடு. நான் மிதிக்காம சுவரோரமா நடந்தேன். இவங்க ஆளுங்க அங்கே மண்ணுல இருக்காங்க, எங்க வீட்டுக்காரர் வீசின மொச்சையைத் தின்னவங்க. நான் இங்கே மண்ணாப் போனா எனக்கு யார் வீசுவாங்கன்னு ஒரு நினைப்பு வந்தது. லீஸ்கிட்ட அதைச் சொல்லலை. இன்னும் பெரிய இன்ஷூரன்ஸா எடுத்துடுவா.

5

தை மாசத்துல ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சதும் ஏழுமலை போன்ல ஒரு வீடியோ காட்டினான். மெட்ராஸ் பக்கம் யாரோ எடுத்த மயானக் கொள்ளை. அம்மன் வேஷத்துல ஒரு ஆள் தெருவுல ஆடிக்கிட்டு வர்றார்.

"யம்மா, கார்னிவல்ல நான் இந்த வேஷம் போடப் போறேன்."

அந்த மலை ஊர்ல எல்லாரும் மரத்துல செதுக்கின கோர முகத்தை மாட்டிக்கிட்டு, ஆட்டுத் தோல் போர்த்திக்கிட்டு, இடுப்புல மாட்டு மணி கட்டிக்கிட்டு வருவாங்களாம். பனிக்காலத்தை விரட்டறதுக்காம். வைக்கோல்ல ஒரு பொம்மை செஞ்சு ஊர்வலமாத் தூக்கிக்கிட்டுப் போய், உறைஞ்சு போன ஏரி நடுவுல வெச்சுக் கொளுத்துவாங்களாம். அவங்களுக்கும் ஒரு பொம்மை இருக்கு பாருங்க. லீஸ் ரொம்ப குஷியா இருந்தா. அங்கே ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பூதத்தைக் கூட்டிக்கிட்டு வர்றாங்க, ஏழுவும் அவனோடதைக் கூட்டிக்கிட்டு வரட்டுமேன்னா.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். எனக்குச் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பேச வேண்டிய இடத்துல கைக்கு ஏதாவது வேலை தேடுவேன். ஏழுமலை பின்னாடியே வந்து நின்னான்.

"கோவமா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்குக் கழுவின தட்டையே கழுவிக்கினு கீற?"

தட்டைக் கவிழ்த்து வெச்சேன். "காப்புக் கட்டினியா? நேர்ந்துக்கினியா?"

"அங்க எவனும் கட்டறதில்லம்மா. இது சும்மா ஜாலிக்கு."

"வேஷத்தோட ஏரிக்குப் போவியா?"

"எல்லாரும் போறாங்க. யம்மா, அது கல்லு மாதிரி உறைஞ்சிருக்கும். மேல லாரியே ஓட்டலாம். முழுகறதுக்குத் தண்ணியே இல்ல."

"உங்க நைனா போன இடத்துலயும் முழுகறதுக்குத் தண்ணி இல்லடா. முழங்கால் அளவுதான்."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "உனக்காவது கையி, நடைன்னு இன்னாமோ ஞாபகம் கீது. எனக்கு இன்னா கீது? குப்பத்துல யாரைக் கேட்டாலும் நைனாவப் பத்தி வேஷத்தைத்தான் சொல்றாங்க. கண்ணு இப்படி இருக்கும், வாயி இப்படி இருக்கும்னு. கண்ணாடியில ஒரு வாட்டி பார்க்கலாம்னுதான்."

இந்த ஊருக்கு வந்ததுல இருந்து இவன் என்னை விட்டுத் தூரமாப் போயிட்டான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். தமிழ்ப் பேச்சு குறைஞ்சு போச்சு. கருவாட்டு வாசனைக்கு ஜன்னலைத் திறக்கிறான். நைனான்னு அவன் சொல்லிக் கேட்டே எத்தனையோ வருஷம் ஆச்சு. இவனும் அதே ஏரியிலதான் துழாவிக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சு.

ஆனாலும் அந்த உறைஞ்ச ஏரி என் மனசை விட்டுப் போகலை. நம்ம ஏரி எதையும் கொஞ்ச நாள்ல கொண்டாந்து கொடுத்துடும். பலகை, கிழிஞ்ச வலை, செருப்பு, எல்லாம் கரைக்கு வரும். மேல மூடி போட்ட ஏரியில உள்ளே இருக்கிறவங்க எந்த வழியா வருவாங்க?

6

மாசி மாசத்துல குளிக்கிற ரூம்ல குழாய்ச் சத்தம் கேட்டா எனக்குக் கை ஓடாது. யாரோ முகம் கழுவறாங்க. சத்தம் நின்னு, கதவு திறந்து, வர்றது ஏழுமலையோ லீஸோன்னு பார்க்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் தை முடியறதுக்கு முன்னாடியே அப்படி ஆயிடுச்சு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏழுமலை வேஷம் எழுதிப் பார்க்கிறேன்னு மாடிக்குப் போனான். கார்னிவல் கடையில கலர் வாங்கி வெச்சிருந்தான். போன்ல இருக்கிற படத்தைப் பார்த்து லீஸ் எழுதினா. நான் கீழே சமையல் ரூம்ல முருங்கைக் கீரை பொட்டலத்தைப் பிரிச்சு ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். படியில காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன்.

பச்சை முகம். கண்ணோரம் கறுப்பு இழுத்திருந்தது. லீஸ் எழுதினது கொஞ்சம் கோணல்தான், முனுசாமி கை இல்லை. ஆனா அந்தக் கறுப்புக்கு நடுவுல இருந்த கண்ணு என்னைப் பார்த்த விதம் என் மகனோடது இல்லை. நான் எழுந்து நின்னுட்டேன். மடியில இருந்த கீரை கொட்டிப் போச்சு. கை தட்டிக்கிட்டே பின்னாடி வந்த லீஸ் என்னைப் பார்த்ததும் நிறுத்திட்டா.

"யம்மா"ன்னான்.

வேஷத்துல பேசக் கூடாதுன்னு சொல்ல வாய் வரலை. "குந்து"ன்னேன். நாற்காலியில குந்தினான். கெட்டில்ல தண்ணி வெச்சு, குழாய்த் தண்ணி கலந்து, என் எவர்சில்வர் சொம்புல பிடிச்சேன். "தொட்டியாண்ட குனி. இங்கயே கழுவு. என் எதிர்க்கவே."

மேடையில இருக்கிற தொட்டிக்கு மேல அவன் குனிஞ்சான். நான் ஊத்தினேன். லீஸ் துண்டைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. பச்சைத் தண்ணி ஓடுச்சு, கறுப்பு ஓடுச்சு. முதல்ல நெத்தி வந்தது. அப்புறம் ஒரு பக்கத்துக் கன்னம். பாதி முகம் வெறும் முகமாகவும் பாதி பச்சையாகவும் இருந்தப்ப ஊத்தறதை நிறுத்திட்டேன். ஏரிக்கரையில நான் பார்க்காத முகம் அதுதான். எத்தனையோ வருஷமா அந்தப் பாதியைத்தான் நினைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"யம்மா, கண்ணு எரியுது. ஊத்து."

ஊத்தினேன். முழுசும் வந்துடுச்சு. தலைமுடி நரைக்க ஆரம்பிச்ச ஒரு ஆம்பளை. இவங்க நைனா இந்த வயசுக்கு வரவே இல்லை. நான் அந்த முகத்துல தழும்பைத் தேடினேன். இவங்க நைனாவுக்குப் புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருந்தது, படகு கழி பட்டது. அது இவன் முகத்துல எப்படி இருக்கும்? ஆனாலும் தேடினேன்.

ஏழுமலை துண்டால துடைச்சுக்கிட்டுக் கேட்டான். "நைனா மாதிரி கீறேனா?"

தண்ணி ஊத்தினவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடணும். எனக்கு வாயில பேர் வந்து நின்னுச்சு. எந்தப் பேருன்னு தெரியாததால கூப்பிடலை. "காதோரம் இன்னும் பச்சை கீது பாரு"ன்னேன்.

7

போறதுன்னு முடிவாயிடுச்சு. யாரும் சண்டை போடலை. நான் சொம்பை எடுத்து என் பையில வெச்சேன், அதைப் பார்த்துட்டு ஏழுமலை அவனா வந்து, "இன்னா பண்ணணும்னு சொல்லு"ன்னான். மஞ்சள் கிழங்கு கட்டின கயிறு ஒண்ணு அவன் மணிக்கட்டுல கட்டினேன். சட்டைக் கையை இழுத்து மூடிக்கிட்டு வேலைக்குப் போறான். ஒரு வேளைதான் சாப்பிடறான். லீஸும் அப்படியே இருக்கேன்னு சொல்லிட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி நின்னு சீஸ் தின்கிறா. நான் பார்க்காத மாதிரி இருக்கேன். மொச்சையை அங்கே போய் அவிச்சுக்கலாம். கருவாட்டை லீஸ் மூணு நாலு கவர்ல சுத்தியும் வாசனை நிக்கலைன்னு கார் மேல இருக்கிற பெட்டியில சறுக்குக் கட்டையோட போட்டுட்டா. கல்லறை ஓரமா ரெண்டு மொச்சை விழுந்தா பரவாயில்லையான்னு வீட்டுக்காரம்மாவைக் கேட்டோம். தாராளமா, பனியில பறவைங்களுக்கு ஒண்ணும் கிடைக்கிறதில்லைன்னு பதில் வந்தது.

ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்ததும் ஏழுமலை வரிசையை விட்டு வந்துடணும். கல்லறைக் கதவாண்ட நான் சொம்போட நிப்பேன், லீஸ் நாங்க தங்குற வீட்டுல இருந்து வெந்நீர் கொண்டாருவா. கழுவின முகத்தோட அவன் ஏரிக்குப் போனா போகட்டும். அதுதான் பேச்சு. அவன் சரின்னுட்டான். ஆனா மேளம் அடிக்கிறப்ப, எல்லாரும் ஏரிப் பக்கம் திரும்பறப்ப, வேஷத்துல இருக்கிறவனுக்கு அந்தச் சரி ஞாபகம் இருக்குமா? அதுதான் என் பயம். கூட்டத்துல நான் எங்கே நிக்கிறேன்னு அவனுக்குத் தெரியணும்னு லீஸ் எனக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கியிருக்கா.

இன்னொரு பயமும் இருக்கு. அதைத்தான் உங்ககிட்ட கேட்கணும். இவ்வளவு எழுதினதும் அதுக்குத்தான்.

நம்ம பக்கம் இருக்கிறவங்க யாராவது காட்டூர் போனா, பெயிண்டர் முனுசாமி இருக்காரான்னு விசாரிங்க. இப்ப ரொம்ப வயசாகியிருக்கும். அவர் இல்லைன்னா லைட்ஹவுஸ் குப்பத்துல எங்க மூத்தாருடைய சம்சாரம் இருக்காங்க, அவங்களைக் கேளுங்க. ஆனா முனுசாமிதான் சரியாச் சொல்லுவார். வருஷா வருஷம் கலர் பூசறதுக்கு முன்னாடி அந்த முகத்தைக் கையில பிடிச்சுப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். வேஷக்கார கோயிந்துன்னா தெரியும். தழும்பு வலது புருவத்து மேலயா, இடது புருவத்து மேலயா? மூக்கு கூரா, சப்பையா? சிரிப்பை அடக்கறப்ப எந்தப் பக்கத்துக் கன்னம் குழியும்? அவருக்குக் கண்ணு தெரியாமப் போயிருந்தா விரலை வெச்சுச் சொல்லச் சொல்லுங்க.

நான் எழுதினதுல தப்பு இருக்கும். சூறைக்கு மொச்சையா காராமணியா, சேலை கிடைச்சது எந்தக் கழியில, அதெல்லாம் தெரிஞ்சவங்க பார்த்துத் திருத்திக்குங்க. அது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. முகம் மட்டும் சரியா வேணும். அமாவாசைக்கு முன்னாடி தங்கச்சி மகள்கிட்ட சொல்லிட்டா அவ எனக்குப் போன் பண்ணிடுவா. அன்னிக்குப் பனியில நின்னு நான் தண்ணி ஊத்தறப்ப வர்ற முகம் யாரோடதுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தானே பேரைச் சொல்லிக் கூப்பிட முடியும்.